குடியரசுத் தலைவர், துணைத் தலைவர்: ஓட்டுக் கணக்கு முதல் அதிகார எல்லை வரை முழுமையான வழிகாட்டி

இந்தியக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க நமக்கு நேரடி ஓட்டு கிடையாது. நாம் கோட்டைக்கு அனுப்பிய எம்.எல்.ஏ.வுக்கும் டெல்லிக்கு அனுப்பிய எம்.பி.க்கும்தான் உண்டு. அவர்களுக்குள்ளும் எல்லா ஓட்டும் சமம் இல்லை. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்தில் 208. சிக்கிமில் வெறும் 7.

பள்ளிப் பாடத்தில் இவர் முப்படைகளின் தலைவர், நாட்டின் முதல் குடிமகன். டீக்கடைப் பேச்சில் ரப்பர் ஸ்டாம்ப். இரண்டுமே பாதிதான் உண்மை. பெரும்பாலான நாட்களில் அமைச்சரவை அனுப்பும் கோப்பில் கையெழுத்திடுவதுதான் இந்தப் பதவியின் வேலை. ஆனால் யாருக்கும் பெரும்பான்மை இல்லாத ஒரு நாளில், அல்லது ஒரு கோப்பைத் திருப்பி அனுப்பும் நாளில், நாட்டின் போக்கே அந்த ஒரு நாற்காலியைச் சார்ந்துவிடும். அந்த நாட்கள் எவை என்று புரிய வேண்டுமானால் தேர்தலிலிருந்தே தொடங்க வேண்டும்.

படி 1: யார் நிற்கலாம்?

இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், மக்களவை உறுப்பினராகும் தகுதி வேண்டும், அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவியில் இருக்கக் கூடாது. அரசமைப்புச் சட்டத்தின் 58-ஆவது பிரிவு கேட்பது இவ்வளவுதான். ஆளுநர், மத்திய அமைச்சர், மாநில அமைச்சர், துணைத் தலைவர் ஆகிய பதவிகள் ஆதாயப் பதவிக் கணக்கில் வராது. அதனால் ஆளுநராக இருந்துகொண்டே மனுத் தாக்கல் செய்யலாம். எம்.பி. அல்லது எம்.எல்.ஏ.வாக இருப்பவரும் நிற்கலாம். ஜெயித்துப் பதவியேற்கும் நாளில் பழைய இடம் தானாகக் காலியாகிவிடும்.

துணைத் தலைவருக்கும் ஏறக்குறைய இதே தகுதிகள்தான். ஒரே வித்தியாசம், மக்களவைக்குப் பதிலாக மாநிலங்களவை உறுப்பினராகும் தகுதி. அவர் அமரப்போவது அந்த அவையின் தலைமை நாற்காலியில் என்பதால் இது பொருத்தம்தான்.

எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டியிடலாம். ஆனால் இரண்டு முறை குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ராஜேந்திர பிரசாத் மட்டுமே, 1952-லும் 1957-லும்.

படி 2: யாருக்கு ஓட்டு?

குடியரசுத் தலைவர் தேர்தலில் ஓட்டுப் போடுபவர்கள்: இரு அவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்கள், எல்லா மாநிலங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்கள், 1992-ஆம் ஆண்டின் 70-ஆவது திருத்தத்துக்கு அப்புறம் டெல்லி, புதுச்சேரி எம்.எல்.ஏ.க்களும். 'தேர்ந்தெடுக்கப்பட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள். மாநிலங்களவையின் 12 நியமன உறுப்பினர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. புதுச்சேரியின் நியமன எம்.எல்.ஏ.க்களுக்கும் இல்லை. சட்ட மேலவை உள்ள மாநிலங்களில் மேலவை உறுப்பினர்களுக்கும் இல்லை.

துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் எம்.பி.க்கள் மட்டும். இங்கே நியமன எம்.பி.க்களும் ஓட்டுப் போடலாம். மாநில சட்டமன்றங்களுக்கு எந்த வேலையும் இல்லை. ஒரு எம்.பி.க்கு ஒரு ஓட்டு, மதிப்பு ஒன்றே. அதனால்தான் துணைத் தலைவர் தேர்தல் முடிவை ஒரு தாளில் கூட்டிப் பார்த்து முன்கூட்டியே சொல்லிவிட முடிகிறது. குடியரசுத் தலைவர் தேர்தலுக்குத்தான் கால்குலேட்டர் வேண்டும்.

படி 3: ஓட்டின் மதிப்பைக் கணக்கிடுவது

மாநில மக்கள்தொகையை மொத்த எம்.எல்.ஏ. எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை ஆயிரத்தால் வகுக்க வேண்டும். மிச்சம் 500 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒன்று கூட்ட வேண்டும், குறைந்தால் விட்டுவிடலாம்.

தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1971 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 4,11,99,168. இதை 234-ஆல் வகுத்தால் 1,76,064. ஆயிரத்தால் வகுத்தால் 176, மிச்சம் 64. மிச்சத்தை விட்டுவிட்டால் ஓர் எம்.எல்.ஏ.வின் மதிப்பு 176. 234 பேருக்கும் சேர்த்து 41,184.

எம்.பி.யின் மதிப்பு இன்னொரு வழியில் வருகிறது. நாட்டின் எல்லா எம்.எல்.ஏ. ஓட்டு மதிப்பையும் கூட்டி, தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். மாநிலங்கள் எல்லாம் ஒரு தட்டு, நாடாளுமன்றம் இன்னொரு தட்டு, இரண்டும் சம எடை என்பதுதான் நோக்கம். 2022-இல் எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பு 5,43,231. எம்.பி.க்கள் 776 பேர். வகுத்தால் 700. அதற்கு முந்தைய 2017 தேர்தலில் இது 708. இடையில் ஜம்மு காஷ்மீர் சட்டமன்றம் இல்லாமல் போனதால் அதன் மதிப்பு கழிந்து 700 ஆனது. தமிழ்நாட்டின் 39 மக்களவை, 18 மாநிலங்களவை எம்.பி.க்களையும் சேர்த்தால் 2022-இல் நம் மாநிலத்தின் மொத்த எடை 81,084. நாட்டின் மொத்தம் 10,86,431.

இன்றைக்கும் ஏன் 1971? குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்ற வாதத்தில் 1976-இல் 42-ஆவது திருத்தம் இந்த எண்ணை உறைய வைத்தது. 2001-இன் 84-ஆவது திருத்தம் அந்த உறைவை நீட்டித்தது. 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் புள்ளிவிவரம் வெளியாகும் வரை 1971-தான். தொகுதி மறுவரையறை பற்றி ஊரே பேசுகிறது, இந்த ஓட்டு மதிப்பைப் பற்றி யாரும் பேசக் காணோம். 2011 மக்கள்தொகையை வைத்து, எம்.எல்.ஏ. எண்ணிக்கையை மாற்றாமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாடு 176-இலிருந்து 308 ஆகிறது. கேரளம் 152-இலிருந்து 239. உத்தரப் பிரதேசம் 208-இலிருந்து 496. பீகார் 173-இலிருந்து 428. அதாவது இன்று நம் எம்.எல்.ஏ.வின் ஓட்டு பீகார் எம்.எல்.ஏ.வின் ஓட்டைவிட மூன்று புள்ளி கனம். உறைவு விலகினால் 120 புள்ளி பின்னால் போய்விடும். இதற்குத் தனியாக ஒரு சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை, புள்ளிவிவரம் வெளியானாலே போதும்.

படி 4: அறிவிப்பும் வேட்புமனுவும்

பதவிக்காலம் முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் தேர்தல் ஆணையம் அறிவிப்பு வெளியிடும். மனுத் தாக்கலுக்கு 14 நாள், மறுநாள் பரிசீலனை, அடுத்த இரண்டாம் நாள் வாபஸ் பெறக் கடைசி நாள். அப்புறம் குறைந்தது 15 நாள் இடைவெளி விட்டு வாக்குப்பதிவு. தேர்தல் நடத்தும் அதிகாரியாக மக்களவைச் செயலாளர் நாயகமும் மாநிலங்களவைச் செயலாளர் நாயகமும் மாறி மாறி இருப்பார்கள்.

குடியரசுத் தலைவர் வேட்பாளரை ஓட்டுரிமை உள்ள 50 பேர் முன்மொழிய வேண்டும், வேறு 50 பேர் வழிமொழிய வேண்டும். துணைத் தலைவருக்கு 20, 20. டெபாசிட் இரண்டுக்கும் 15,000 ரூபாய். பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் டெபாசிட் காலி. வேட்பாளர் தன் பெயர் இருக்கும் மக்களவைத் தொகுதி வாக்காளர் பட்டியலின் சான்றளித்த நகலையும் இணைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மனு தள்ளுபடி. ஆர்வக்கோளாறில் டெல்லிக்கு ரயிலேறி மனுத் தாக்கல் செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு. அநேகமாக எல்லோரும் பரிசீலனை நாளோடு ஊர் திரும்பிவிடுவார்கள்.

இந்த 50, 50 முதலில் கிடையாது. 1967-இல் 17 பேர் களத்தில் நின்றார்கள், 1969-இல் 15 பேர். பலருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அதனால் 1974-இல் பத்துப் பத்து பேர் கையெழுத்து கட்டாயமானது, 1997-இல் அது ஐம்பதானது. இடையில் 1977-இல் 37 பேர் மனுத் தாக்கல் செய்ததில் 36 மனுக்கள் தள்ளுபடி ஆகி, நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றித் தேர்வானார். குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியே இல்லாமல் ஒருவர் வந்தது அப்போது மட்டும்தான்.

படி 5: வாக்குப்பதிவு நாள்

எம்.பி.க்கள் நாடாளுமன்ற வளாகத்தில் ஓட்டுப் போடுவார்கள். எம்.எல்.ஏ.க்கள் அவரவர் மாநிலத் தலைநகரில். நமக்கு அது சென்னைத் தலைமைச் செயலகம். முன்கூட்டியே அனுமதி வாங்கினால் இடம் மாற்றிக்கொள்ளலாம். 2022 ஜூலை 18 அன்று கொரோனா சிகிச்சை முடிந்த கையோடு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கோட்டைக்கு வந்து ஓட்டுப் போட்டது நினைவிருக்கலாம்.

வாக்குச்சீட்டு எம்.பி.க்குப் பச்சை, எம்.எல்.ஏ.வுக்கு இளஞ்சிவப்பு. அதில் சின்னம் கிடையாது. ஒரு பக்கம் வேட்பாளர் பெயர், எதிரே வெற்றுக் கட்டம், அவ்வளவுதான். கட்டத்தில் 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எண்ணால் எழுத வேண்டும். ரோமன் எண்ணோ இந்திய மொழி எண்ணோ போடலாம், ஆனால் 'ஒன்று' என்று எழுத்தால் எழுதினால் செல்லாது. டிக் அடித்தாலும் செல்லாது. கையெழுத்துப் போட்டு அடையாளம் காட்டினாலும் செல்லாது. முதல் விருப்பம் கட்டாயம், மற்றவை அவரவர் இஷ்டம்.

பேனாவும் சொந்தப் பேனா இல்லை. வாசலில் அதை வாங்கி வைத்துக்கொண்டு ஆணையத்தின் ஊதா மைப் பேனாவைக் கொடுப்பார்கள். 2016-இல் ஹரியானா மாநிலங்களவைத் தேர்தலில் பேனா மாறியதால் பல ஓட்டுகள் செல்லாமல் போய்ப் பெரிய சர்ச்சை ஆனது. அதற்கு அப்புறம் வந்த ஏற்பாடு இது. இத்தனை கெடுபிடி இருந்தும் 2022-இல் 53 ஓட்டு செல்லவில்லை. அதில் 15 பேர் எம்.பி.க்கள். சட்டம் இயற்றுபவர்களுக்கு ஒரு கட்டத்தில் எண் எழுதத் தெரியவில்லையா, அல்லது தெரிந்தே கெடுத்தார்களா என்பது ரகசிய வாக்கெடுப்பில் யாருக்கும் தெரியாது.

கட்சிகள் இங்கே கொறடா உத்தரவு போட முடியாது, கட்சித்தாவல் தடைச் சட்டமும் பாயாது. மாறி ஓட்டுப் போடுவதற்கு இந்தத் தேர்தலில் இருக்கும் சுதந்திரம் சட்டமன்றத்துக்குள் அவர்களுக்கு இல்லை.

பதிவு முடிந்ததும் மாநிலங்களிலிருந்து பெட்டிகள் டெல்லிக்குப் பறக்கும். 2022-இல் பெட்டிக்குத் தனியாக விமான டிக்கெட்டே எடுத்தார்கள், பயணி பெயர் 'மிஸ்டர் பேலட் பாக்ஸ்'. கூட வரும் அதிகாரிக்குப் பக்கத்து இருக்கையில், கண்பார்வையிலேயே பயணம்.

படி 6: எண்ணிக்கை

மொத்த செல்லத்தக்க ஓட்டு மதிப்பை இரண்டால் வகுத்து ஒன்று கூட்டினால் வருவது வெற்றி இலக்கு. 2022-இல் செல்லத்தக்க மதிப்பு 10,56,980, இலக்கு 5,28,491. திரௌபதி முர்மு 6,76,803 பெற்றார், யஷ்வந்த் சின்ஹா 3,80,177. முதல் சுற்றிலேயே கதை முடிந்தது. அநேகமாக எல்லாத் தேர்தலும் இப்படித்தான். அப்துல் கலாம் 2002-இல் 9,22,884 வாங்கியபோது எதிரில் நின்ற கேப்டன் லட்சுமி சாகலுக்கு 1,07,366.

இரண்டாம் விருப்பம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க 1969-க்குப் போக வேண்டும். காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. துணைத் தலைவர் பதவியை உதறிவிட்டுச் சுயேச்சையாக நின்றவர் வி.வி. கிரி. சுதந்திரா, ஜனசங்கம் போன்ற கட்சிகளின் ஆதரவோடு சி.டி. தேஷ்முக். பிரதமர் இந்திரா காந்தி மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்று சொல்லிக் கிரியின் பக்கம் நின்றார்.

இலக்கு 4,18,169. முதல் சுற்றில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. யாரும் இலக்கைத் தொடவில்லை. விதி என்னவென்றால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கோ அவருக்கு அதே மதிப்போடு மாற்ற வேண்டும். அடுத்த விருப்பம் எழுதாத சீட்டு அத்தோடு ஓய்ந்துவிடும். இப்படிக் கீழிருந்து ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டே வந்து கடைசியில் தேஷ்முக்கும் நீக்கப்பட்டார். கைமாறிய ஓட்டுகளில் 91,879 ரெட்டிக்குப் போனது, கிரிக்கு 18,562 மட்டுமே. ஆனால் கிரிக்குத் தேவைப்பட்டதே 16,654-தான். 4,20,077-க்கு 4,05,427 என்று கிரி வென்றார். சில மாதங்களில் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. எண்ணிக்கை இரண்டாம் விருப்பம் வரை போன ஒரே குடியரசுத் தலைவர் தேர்தல் அது.

துணைத் தலைவருக்கும் இதே முறைதான், எண்கள் மட்டும் சின்னவை. 2025 செப்டம்பர் 9 அன்று 781 எம்.பி.க்களில் 767 பேர் ஓட்டுப் போட்டார்கள், 15 செல்லவில்லை. மிச்சம் 752, இலக்கு 377. திருப்பூர்க்காரரான சி.பி. ராதாகிருஷ்ணன் 452 வாங்கினார், உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி பி. சுதர்சன் ரெட்டி 300. தமிழரா, கூட்டணியா என்ற கேள்வி வந்தபோது தி.மு.க. தன் கூட்டணி வேட்பாளரான சுதர்சன் ரெட்டியையே ஆதரித்தது.

முடிவில் சந்தேகம் இருந்தால் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே போக முடியும், அதுவும் 30 நாளுக்குள். குடியரசுத் தலைவர் தேர்தல் என்றால் வேட்பாளரோ குறைந்தது 20 வாக்காளர்களோ சேர்ந்து மனுப் போடலாம், துணைத் தலைவர் என்றால் 10 பேர். கிரியின் வெற்றிக்கு எதிரான வழக்கில் அவரே பதவியில் இருக்கும்போது சாட்சி சொல்ல வந்தார். தேர்தல் நாளில் ஏதாவது சட்டமன்றம் கலைந்திருந்தது, இடங்கள் காலியாக இருந்தன என்று சொல்லி வழக்குப் போட முடியாது. 1961-இன் 11-ஆவது திருத்தம் அந்தக் கதவை மூடிவிட்டது.

படி 7: பதவியேற்ற பிறகு குடியரசுத் தலைவர் என்ன செய்யலாம்?

குடியரசுத் தலைவருக்கு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி உறுதிமொழி செய்து வைப்பார். அரசமைப்பைப் பேணிக் காப்பேன் என்பது அந்த உறுதிமொழி. துணைத் தலைவருக்கு அதைச் செய்து வைப்பவர் குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் சொல்வது அரசமைப்பின் மீது பற்றோடு இருப்பேன் என்று மட்டுமே. காக்கும் பொறுப்பு முதலாமவருக்குத்தான்.

அதிகாரப் பட்டியல் நீளம். பிரதமரையும் நீதிபதிகளையும் ஆளுநர்களையும் நியமிப்பது, நாடாளுமன்றத்தைக் கூட்டுவது, மக்களவையைக் கலைப்பது, மசோதாவுக்கு ஒப்புதல், அவசரச் சட்டம், நெருக்கடி நிலை, தூக்குத் தண்டனைக் கைதியின் கருணை மனு. ஆனால் இவை அத்தனைக்கும் மேலே 74-ஆவது பிரிவு உட்கார்ந்திருக்கிறது: அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும். 1976-இன் 42-ஆவது திருத்தம் அதை வெளிப்படையாகவே எழுதியது. 1978-இன் 44-ஆவது திருத்தம் ஒரு சின்னச் சந்து விட்டது: ஒரு முறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். அதே ஆலோசனை மறுபடி வந்தால் ஏற்றாக வேண்டும்.

அந்தச் சந்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர் கே.ஆர். நாராயணன். 1997-இல் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கும் பரிந்துரையைத் திருப்பி அனுப்பினார். குஜ்ரால் அமைச்சரவை மறுபடி வற்புறுத்தவில்லை, அரசு பிழைத்தது. நமக்கு நேர்ந்தது வேறு. 1991 ஜனவரி 30 அன்று கருணாநிதி அரசு கலைக்கப்பட்டபோது ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்துவிட்டார். 356-ஆவது பிரிவில் ஆளுநர் அறிக்கை 'அல்லது வேறு வகையில்' என்று ஒரு சொற்றொடர் இருக்கிறது. அதை வைத்தே ஆணை பிறந்தது. கையெழுத்திட்டவர் தமிழரான ஆர். வெங்கட்ராமன். கோப்பைத் திருப்பி அனுப்பும் உரிமை அவருக்கும் இருந்தது. அதனால்தான் ஆளைப் பொறுத்தது இந்தப் பதவி என்று சொல்கிறேன். இரண்டு பேரிடமும் இருந்தது ஒரே சட்டம்தான்.

மசோதா வந்தால் மூன்று வழி: ஒப்புதல் தரலாம், நிறுத்தி வைக்கலாம், திருப்பி அனுப்பலாம். பண மசோதாவைத் திருப்ப முடியாது. அரசமைப்புத் திருத்த மசோதாவுக்கு ஒப்புதல் கட்டாயம். ஆதாயப் பதவி மசோதாவை 2006-இல் கலாம் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மாற்றமில்லாமல் மறுபடி நிறைவேற்றியதும் கையெழுத்திட்டார். ஜெயில் சிங் வேறு உத்தி கண்டார். கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் 1986-இன் அஞ்சல் திருத்த மசோதாவுக்கு ஒப்புதலும் தரவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. சட்டத்தில் கெடு எதுவும் இல்லையே.

அந்தக் கெடு இல்லாத விஷயம்தான் 2025-இல் தமிழ்நாட்டு வழக்கில் வெடித்தது. மாநில மசோதாவை ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தால் அவர் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. மே மாதம் குடியரசுத் தலைவர் 143-ஆவது பிரிவின் கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்திடம் கேட்டார். நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகவே கருதிக்கொள்வதும் கூடாது என்று நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துச் சொன்னது.

கருணை மனுவிலும் தாமதம் ஒரு முடிவாகவே மாறிவிடும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூவரின் மனு 2000-இல் போய் 2011-இல்தான் நிராகரிக்கப்பட்டது. அந்தத் தாமதத்தையே காரணமாகக் காட்டி உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரியில் தூக்கை ஆயுளாகக் குறைத்தது.

நெருக்கடி நிலை பற்றி ஒரு வரி போதும்: 1975 ஜூன் 25 இரவு, அமைச்சரவை கூடாமலே பிரதமரின் பேச்சில் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். இப்போது அமைச்சரவையின் எழுத்துபூர்வ முடிவு இல்லாமல் அது நடக்காது.

யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது யாரைப் பிரதமராக அழைப்பது? இங்கே ஆலோசனை சொல்ல அமைச்சரவையே இல்லை, சொந்த முடிவுதான். 1996-இல் சங்கர் தயாள் சர்மா தனிப்பெரும் கட்சி என்று வாஜ்பாயை அழைத்தார், ஆட்சி 13 நாள் நீடித்தது. 1998-இல் நாராயணன் ஆதரவுக் கடிதம் காட்டச் சொன்னார். ஜெயலலிதாவின் கடிதம் வரத் தாமதமாக, டெல்லியே போயஸ் தோட்டத்தைப் பார்த்துக் காத்திருந்தது. மறு ஆண்டு அவர் ஆதரவை விலக்கியதும் வாஜ்பாயிடம் நம்பிக்கை வாக்குக் கோரச் சொன்னவரும் நாராயணன்தான். ஒரு ஓட்டில் அரசு கவிழ்ந்தது.

படி 8: துணைத் தலைவரின் அன்றாட வேலை

துணைத் தலைவர் என்ற முறையில் அவருக்குத் தனிச் சம்பளமே கிடையாது. மாதம் 4 லட்சம் ரூபாய் வருவது மாநிலங்களவைத் தலைவர் என்பதற்காக. (குடியரசுத் தலைவருக்கு 5 லட்சம்.) அந்த அவையின் உறுப்பினர் அல்ல, ஆனால் தலைவர். ஓட்டுகள் சமமாக விழுந்தால் மட்டும் அவர் ஓட்டுப் போடுவார். இரு அவைக் கூட்டுக் கூட்டத்துக்குத் தலைமை மக்களவைச் சபாநாயகருடையது, பண மசோதா எது என்று சான்று தருவதும் அவரே. இந்த இரண்டிலும் துணைத் தலைவருக்கு இடம் இல்லை.

அதிகாரம் வேறு இடத்தில் இருக்கிறது. கட்சி தாவிய மாநிலங்களவை எம்.பி.யைத் தகுதி நீக்கம் செய்வது அவர் கையில். 2017-இல் சரத் யாதவை வெங்கையா நாயுடு நீக்கினார். நீதிபதியைப் பதவி நீக்கும் தீர்மானத்தை மாநிலங்களவையில் அனுமதிப்பதும் அவரே. 2018-இல் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ராவுக்கு எதிரான நோட்டீஸை நாயுடு வாசலிலேயே நிராகரித்தார்.

ஆறு துணைத் தலைவர்கள் பின்னர் குடியரசுத் தலைவராகி இருக்கிறார்கள். திருத்தணி அருகே பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனில் தொடங்கி நாராயணனோடு அந்த வரிசை நின்றது. 1997-க்குப் பிறகு யாரும் ஏறவில்லை.

படி 9: நாற்காலி காலியானால்

குடியரசுத் தலைவர் இறந்தாலோ விலகினாலோ நீக்கப்பட்டாலோ துணைத் தலைவர் பொறுப்பேற்பார். அமெரிக்காவில் துணை அதிபர் மீதிக் காலம் முழுவதும் அதிபராக இருப்பார். இங்கே அப்படி இல்லை. ஆறு மாதத்துக்குள் புதுத் தேர்தல், வருபவருக்கு முழு ஐந்தாண்டு. அந்த இடைக்காலத்தில் துணைத் தலைவர் மாநிலங்களவையை நடத்த மாட்டார், அந்த அவையின் துணைத் தலைவர் (டெபுடி சேர்மன்) பார்த்துக்கொள்வார். 1977 பிப்ரவரியில் பக்ருதீன் அலி அகமது மறைந்தபோது பி.டி. ஜாட்டி ஜூலை வரை இப்படிப் பொறுப்பில் இருந்தார்.

இரண்டு நாற்காலியும் காலியானால்? 1969 மே மாதம் ஜாகிர் உசேன் மறைந்தார், பொறுப்பேற்ற கிரி ஜூலை 20-இல் விலகிப் போட்டியிட்டார். மே மாதக் கடைசியில்தான் இதற்கென ஒரு சட்டம் நிறைவேறி இருந்தது. அதன்படி தலைமை நீதிபதி இதயத்துல்லா ஆகஸ்ட் 24 வரை பொறுப்புக் குடியரசுத் தலைவரானார். அமெரிக்க அதிபர் நிக்சன் அப்போதுதான் டெல்லிக்கு வந்தார். வரவேற்றது ஒரு நீதிபதி. இதே இதயத்துல்லா பின்னாளில் துணைத் தலைவராகி, 1982-இல் ஜெயில் சிங் சிகிச்சைக்காக வெளிநாடு சென்றபோது மறுபடி பொறுப்பு வகித்தார்.

துணைத் தலைவர் இடம் காலியானால் பொறுப்புத் துணைத் தலைவர் என்று யாரும் கிடையாது. கூடிய விரைவில் தேர்தல் என்கிறது சட்டம், ஆறு மாதக் கெடுவும் இல்லை. 2025 ஜூலை 21 அன்று ஜகதீப் தன்கர் உடல்நிலையைக் காரணம் காட்டி விலகியதும் மழைக்காலக் கூட்டத்தொடரை நடத்தியவர் மாநிலங்களவையின் டெபுடி சேர்மன் ஹரிவன்ஷ்.

படி 10: நீக்குவது எப்படி?

குடியரசுத் தலைவரை நீக்க ஒரே காரணம் அரசமைப்பை மீறியது. எந்த அவையிலும் தொடங்கலாம். அந்த அவையின் கால் பங்கு உறுப்பினர்கள் கையெழுத்து, 14 நாள் நோட்டீஸ், அப்புறம் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. மற்ற அவை விசாரித்து அதே அளவு ஆதரவோடு நிறைவேற்றினால் பதவி போகும். தேர்தலில் ஓட்டு இல்லாத நியமன எம்.பி.க்கள் இதில் ஓட்டுப் போடலாம். தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.க்களுக்கோ நீக்கும்போது வேலை இல்லை. இதுவரை யார் மீதும் இது பாய்ந்ததில்லை.

துணைத் தலைவரை நீக்குவது சுலபம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மாநிலங்களவையில் அப்போதுள்ள உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு, பிறகு மக்களவையின் சம்மதம். தீர்மானம் மாநிலங்களவையில்தான் தொடங்க வேண்டும். 2024 டிசம்பரில் எதிர்க்கட்சிகள் தன்கருக்கு எதிராக முதல்முறையாக நோட்டீஸ் கொடுத்தன. டெபுடி சேர்மன் அதை ஏற்கவில்லை.

அடுத்தது எப்போது?

திரௌபதி முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலை 24 வரை. அதற்குள் புதியவர் தேர்வாகியிருக்க வேண்டும். அதனால் மே கடைசியிலிருந்து ஜூன் நடுவுக்குள் அறிவிப்பையும், ஜூலையில் வாக்குப்பதிவையும் எதிர்பார்க்கலாம். துணைத் தலைவர் தேர்தல், இடையில் காலியாகாவிட்டால், 2030 செப்டம்பர் வாக்கில்தான். 2027 வேட்பாளர்கள் யார் என்பதற்கு முன்னால் ஆணையம் வெளியிடும் ஓட்டு மதிப்புப் பட்டியலைப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு எதிரே 176 என்று இருந்தால் 1971 கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.